ஐந்தாவது நீர்

இரவு பதினொன்று. ஒருரோவின் காற்று
கூரைத் தகரத்தை ஆணி ஆணியாகத் தட்டிப் பார்க்கிறது.
மேசையில் முப்பத்திரண்டு நோட்டுகள்,
ஆறிப்போன கோக்கா இலைத் தேநீர்.
கேள்வி இதுதான்: மயில்துத்தத்தின் நீலத்துக்குள்
எத்தனை நீர்?

முதல் நோட்டு:
துத்தம் 2.50 கிராம். சூடாக்கியபின் 1.60.
போனது 0.90; பதினெட்டால் வகுக்க 0.05 மோல்.
நின்றதை நூற்றறுபதால் வகுக்க 0.01.
ஒன்றுக்கு ஐந்து.
சரி போட்டேன்.

இரண்டாவதும் ஐந்து. ஏழாவதும்.
பத்தொன்பதாவதில் கை நின்றது.
எட்டு அடுப்பு, எட்டு மூசை,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாய் விளிம்பு உடைந்தவை.
இத்தனை பேர் கையிலும் ஒரு சிட்டிகை சிந்தவில்லையா?
என் கல்லூரிக் காலத்தில்கூட
எனக்கு 4.8தான் வந்தது.

லுஸ்மிலா கொல்கேயின் நோட்டில் மட்டும்
அழித்த தடம் இல்லை.
காலி மூசை 18.42. துத்தத்தோடு 20.92.
பத்து நிமிடத்தில் 20.31.
இருபதில் 20.20.
அதன் கீழே சின்ன எழுத்தில்,
"மறுபடி நிறுத்தேன். 20.20.
நிறம் வெளுத்தது, முழுக்கப் போகவில்லை.
தீ அணைந்துவிட்டது."
விடை: 3.6.
அதன்மேல் ஒரு கேள்விக்குறி, பேனா அழுத்தி.

தீ அணைந்துவிட்டது.

ஆமாம், அணைந்தது. நானும் அங்கேதான் நின்றேன்.
லா பாஸ் சாலையில் லாரிக்காரர்களின் மறியல், ஒன்பதாம் நாள்.
உருளை வண்டி ஊருக்குள் வரவில்லை.
எட்டு அடுப்புக்கும் ஒரே உருளை;
இருபதாம் நிமிடம் நீலச் சுடர் மஞ்சளாகி,
இருமி, படுத்தது.
"மீதியைக் கணக்கில் முடியுங்கள்" என்று
சொன்னது யார்?
நான்.
முந்தின நாளே கரும்பலகையில்
பெரிய ஐந்து எழுதி வட்டம் போட்டது யார்?

பிள்ளைகள் முடித்திருக்கிறார்கள்.
விடையிலிருந்து பின்னோக்கி நடந்து
தராசுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.
நம் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கினால்
மேலே ரெண்டு போடுவாளே, யாப்பா, கொசுறு,
அப்படி என் முகத்துக்காக
ஆளுக்கொரு நீர் கொசுறு.
தராசுக்குக் கொசுறு தெரியாது.

லுஸ்மிலாவின் கணக்கிலும் தவறு உண்டு.
நின்ற 1.78 முழுதும் உலர்ந்ததென்று நம்பி
நூற்றறுபதால் வகுத்திருக்கிறாள்.
தாளின் ஓரத்தில் நான்
நூற்று எழுபத்தெட்டால் வகுத்துப் பார்த்தேன்.
0.01. மீதி இல்லை.
போன 0.72ஐப் பதினெட்டால் வகுத்தேன்.
0.04. மீதி இல்லை.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

நான்கு.
தாமிரத்தைச் சுற்றி நிற்கும் நான்கும் கிளம்பிவிட்டன.
ஐந்தாவது, சல்ஃபேட்டின் மடியில் தொங்கும் அது,
இன்னும் இருநூறு டிகிரி கேட்கும்.
தண்ணீர் எண்பத்தேழிலேயே கொதித்துவிடும் இந்த ஊரிலும்
அது அசையாது.
உடைந்த மூசையில், அரைகுறைத் தீயில்,
ஒரு பெண் அதைச் சரியாக நிறுத்திருக்கிறாள்;
நிறுத்தது என்னவென்று தெரியாமல்.

வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்றால் என்ன என்று
அடுத்த வாரம் நடத்த வேண்டும்.
எது முதலில் தீருமோ, அது.
சான்றுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்
எழுதி வைத்திருந்தேன். வேண்டாம்.

முப்பத்தொரு சரிகளையும் அடித்தேன்.
தப்பு என்று போட மனம் வரவில்லை;
"எப்போது நிறுத்தாய்?" என்று மட்டும் எழுதினேன்,
முப்பத்தொரு தடவை. விரல் வலித்தது.
லுஸ்மிலாவுக்கு மதிப்பெண் போடவில்லை.
178 என்று எழுதி
அவளுடையதைப் போலவே ஒரு கேள்விக்குறி.

அடியில் கிடந்தது மாவட்ட அலுவலகப் படிவம்.
"செய்முறை: முடிந்தது."
செவ்வாய்க்கிழமையே நான் போட்ட கையெழுத்து.
பேனாவை மாற்றாமல் அடித்து எழுதினேன்:

முடியவில்லை.
நான்கு நீர் போயிற்று.
ஐந்தாவதற்கு
எரிவாயு உருளை ஒன்று தேவை.